இன்னொருத்தியின் முகவரி

சத்யப்பிரியா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஓடிய பிறகும் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் அவளைப் "பூர்ணிமா மேடம்" என்றுதான் கூப்பிட்டார்கள். வம்புக்கு இல்லை. லேபிலோ பில்லிங்கிலோ கம்ப்யூட்டர் நின்றுபோனால் மாடிக் கடைசி அறைக்கு ஓடிவந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திப் பழகிவிட்ட வாய்கள். கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பூர்ணிமா இறந்துபோயிருந்தாள். காலையில் தலைவலி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டவள், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் கண்ணை மூடினாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாகிற வயசே இல்லை. ஒரே பெண் குழந்தை வேறு.

சத்யப்பிரியா நோணாங்குப்பத்துப் பெண். அப்பா படகுத்துறையில் படகு ஓட்டுகிறவர். வெளியூர்க்காரர்களைப் பாரடைஸ் பீச்சில் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டி வருவார். மகள் பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனிக்காகக் கட்டடம் கட்டடமாக கேபிள் இழுத்து, ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயந்து ஊர் திரும்பியவள். வாய் ஜாஸ்தி. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "அதுக்கு ஐபி அட்ரஸ் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க, பிளாக் பண்ணிடறேன்" என்பாள். அப்படிப்பட்டவளைத்தான் செத்துப்போன ஒருத்தி இரண்டு வருஷம் ஆட்டிவைத்தாள். அதில் செத்தவள் மேல் ஒரு குற்றமும் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு இரும்பு ராக். அதில் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து ஸ்விட்ச் பெட்டிகள். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. தட்டையான பெட்டி, முன்பக்கம் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வயர், அந்த வயரின் மறுமுனையில் எங்கோ ஒரு வார்டில் ஒரு கம்ப்யூட்டர். முதுகுப் பக்கம் தடித்த கேபிளால் ஐந்தையும் வளையமாகக் கோத்துவிட்டால் ஐந்தும் ஒரே ஆளாகிவிடும். அதற்கு ஸ்டாக் என்று பெயர். ஐந்தில் ஒன்று தலை, மற்ற நான்கும் அது சொன்னதைக் கேட்கும். தலை செத்தால் இன்னொன்று எழுந்து தலையாகிக்கொள்ளும். வெளியே இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. இதையெல்லாம் தனி ஆளாக நிறுத்தி வைத்தவள் பூர்ணிமா. மேல் பெட்டியின் நெற்றியில் அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன.

உள்ளே போகப் பாஸ்வேர்டு வேண்டும். அது பூர்ணிமாவோடு போய்விட்டது. பெட்டியை அணைத்து உடைத்துக்கொண்டு போக வழி உண்டு. ஆனால் அதுவரை ஆஸ்பத்திரி முழுக்க நிற்கும். ஐசியூ நர்ஸ் அதைக் கேட்டதுமே முறைத்தாள். வேறு வழியில்லாமல் சத்யப்பிரியா பூர்ணிமா வீட்டுக்குப் போன் போட்டாள். பூர்ணிமாவின் புருஷன் விஜயராகவன் எடுத்தார். நூறடி ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். விஷயத்தைச் சொன்னாள்.

"பாப்பா பேரும் பொறந்த வருஷமும் போட்டுப் பாருங்க. அபின்னு பேரு. எல்லாத்துக்கும் அதத்தான் வப்பா," என்றார்.

அடித்தாள். திறந்துகொண்டது.

"தொறந்துச்சாங்க?"

"தொறந்துச்சு சார்."

"செரிங்க," என்று வைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் அவர் கொஞ்சம் சந்தோஷப்பட்டது போலிருந்தது. பூர்ணிமாவுடைய ஏதோ ஒன்று இன்னும் வேலை செய்கிறதே என்று இருக்கலாம். சத்யப்பிரியா அந்தக் குரலில்தான் விழுந்தாள். பிறகு நன்றி சொல்ல ஒரு போன், எதையோ கேட்க ஒரு போன் என்று பேச்சு வளர்ந்தது. "ரெண்டாந்தாரமா குடுக்கவா உன்னப் படிக்க வச்சேன்?" என்று அப்பா துடுப்பைத் தூக்கிப் போட்டுக் கத்தினார். இவள் பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த தை மாசம் கோயிலில் தாலி கட்டி, முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த வீட்டில் விஜயராகவனின் அக்கா கன்னியம்மாளும் இருந்தாள். புருஷனை இழந்து தம்பியோடு வந்து தங்கியவள். நல்ல மனுஷி, கைக்காரியமும் சுத்தம். மற்றபடி உப்பு ஜாடியிலிருந்து துணிக்கொடி வரை எல்லாம் பூர்ணிமா வைத்த இடத்தில் இருந்தன. சத்யப்பிரியா எதையும் நகர்த்தவில்லை. வந்த முதல் வாரமே விஜயராகவன் ஒரு செல்போனைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"இத நீயே வச்சிக்க சத்யா. பூர்ணி நம்பருதான். ஸ்கூல்ல, கேஸ் கம்பெனில, டாக்டர்கிட்ட எல்லார்கிட்டயும் இதுதான் இருக்கு. மாத்தணும்னா அத்தன பேர்கிட்டயும் போய் சொல்லணும்."

எதைச் சொல்லணும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆசையாகக் கட்டிக்கொண்ட புருஷன் கொடுக்கிறார், நம்பர்தானே என்று வாங்கிக்கொண்டாள். அவளுடைய சென்னை சிம்கார்டு எந்த டப்பாவில் போனது என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

"பூர்ணிமாவாங்க?" என்று கேட்டு ஆட்கள் கூப்பிடுவார்கள். முதலில் விளக்கம் சொன்னாள். கேஸ்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், தையல்காரம்மா போனிலேயே அழுதுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சாவை அறிவிக்க யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? கொஞ்ச நாளில், "ஆமா, சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். சிலிண்டர் வந்தது, ரவிக்கை தைத்து வந்தது, ஒரு பிரச்சினையும் இல்லை. செத்தவளாகப் பேசுவது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஒரு நாள் உடம்பு சில்லிட்டது.

அவளுக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருத்தர் தன்னைத் தானாகப் பார்க்க வேண்டும், முக்கியமாக அபி. மூன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. அடம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. தட்டை வைத்தால் சாப்பிடும், பின்னிவிட்டால் தலையைக் காட்டும். ஆனால் சத்யப்பிரியாவை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடாது. "இந்தாங்க" என்று ஆரம்பிக்கும். "அம்மான்னு கூப்புடுடி" என்று கன்னியம்மாள் சொன்னால் தரையைப் பார்க்கும். குழந்தை சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

ஆடி மாசம் பூவாடைக்காரிக்குப் படையல் போட்டார்கள். பூவோடும் பொட்டோடும் போய்ச்சேர்ந்த பெண் அந்த வீட்டுக்குச் சாமி. புதுப்புடவை வைத்துக் கும்பிட்டு, அந்தப் புடவையை வீட்டுக்கு வந்த பெண் கட்டிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். பச்சைப் புடவை. சத்யப்பிரியா கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் கன்னியம்மாள் கற்பூரத் தட்டை அவளுக்கு நேராகவே காட்டினாள். "வந்துட்டியாடி பூர்ணி" என்று குமுறி அழுதாள். விஜயராகவன் சுவரில் இருந்த படத்தை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் அதுவரை அவளுக்குத் தந்ததில்லை. அது தனக்கு வந்த பார்வை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு நிமிஷம் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். அபியைக் காணோம். தேடிப் போனபோது தோட்டத்தில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சத்யப்பிரியா உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள்.

அந்தப் போனுக்கு ஊமை அழைப்பு வருவது அதற்கு முன்பே உண்டு. படையலுக்குப் பிறகு தினமும் ஆனது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அடிக்கும். எடுத்தால் வண்டிச் சத்தம், சைக்கிள் பெல், பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். "ஹலோ, யாருங்க?" என்றால் பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து கட்டாகும். ஒரே நம்பர்தான், லேண்ட்லைன். திருப்பிக் கூப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் பேயைப் பிளாக் பண்ணுகிற இந்த வீராங்கனை திருப்பிக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் "பூர்ணிமா பேசறேன்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். சிரிக்கலாம்தான். அவள் இடத்தில் இருந்து பார்த்தால் சிரிப்பு வராது.

ஆஸ்பத்திரியிலும் அதே சமயத்தில் ஒரு கூத்து ஆரம்பித்தது. முந்தின மழைக்காலத்தில் ஒரு இடியில் ஸ்டாக்கின் மேல் பெட்டி, அதாவது பூர்ணிமா தலையாக வைத்த பெட்டி, கருகிப்போயிருந்தது. இரண்டாவது பெட்டி உடனே தலையாகிவிட்டது. லேபில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சத்யப்பிரியா புதுப் பெட்டி ஒன்றை அந்த இடத்தில் சேர்த்தாள். முதலில் கேபிளைக் கோத்து, பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்துவிட்டால் அதுவும் தன்னைத் தலை என்று நினைத்துக்கொண்டு வந்து மோதும். பக்குவமாகத்தான் செய்தாள். கருகின பெட்டி ரிப்பேருக்குப் போய், நல்லபடியாகி, ஆடியில் திரும்பி வந்தது.

நர்சிங் மாணவிகளுக்குப் புது ஹாஸ்டல் திறக்கிற நேரம் அது. எலக்ட்ரீஷியன் மாரியப்பன் வந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், அந்தப் பழைய பொட்டியவே அங்க மாட்டிடலாம். பூர்ணிமா மேடம் மொதமொதல்ல குங்குமம் வச்சி மாட்டுனது. அவங்க கைராசி. அது வந்த பெறகுதான் ஆஸ்பத்திரி இம்மாம் பெருசாச்சி."

நிர்வாகியும் தலையாட்டினார். புதுக் கட்டடத்துக்கு ராசியான பொருள் முதலில் போகட்டும் என்பதில் என்ன தப்பு? சத்யப்பிரியா பெட்டியில் இருந்த பழைய அமைப்பையெல்லாம் அழித்துக் கொடுத்தாள். சந்தனப் பொட்டை மட்டும் துடைக்க மனசு வரவில்லை. மாரியப்பன் அதன் மேலேயே புதுக் குங்குமம் வைத்து ஹாஸ்டலில் மாட்டினார்.

மறுநாளிலிருந்து லேப் தடுமாற ஆரம்பித்தது. ரிப்போர்ட்டை அனுப்பினால் வார்டுக்குப் போகாது. போனதாகக் காட்டும், போயிருக்காது. சத்யப்பிரியா ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போகும். அவள் தலை மறைந்ததும் நின்றுவிடும். காலையெல்லாம் ஒழுங்கு. நான்கு மணி ஆனால் போதும்.

"அவங்க உசுரு போன நேரம்மா அது," என்றாள் லேப் பெண். யாரோ ராக்கின் மேல் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டார்கள். இன்னொருத்தி, "அவங்க வேலையையும் எடுத்துக்கிட்டு, வீட்டுக்காரரையும் எடுத்துக்கிட்டா சும்மா இருப்பாங்களா" என்று மருந்தகத்தில் சொன்னது சத்யப்பிரியாவின் காதிலேயே விழுந்தது. எலுமிச்சம்பழத்தை எடுத்து எறிய நினைத்தாள். எறியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள் என்பதுதான் அவள் எவ்வளவு தூரம் பயந்திருந்தாள் என்பதற்கு அத்தாட்சி. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது தொழில்தான். லேப் கட்டடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. ஸ்டாக்கிலிருந்து ஒரு வயர் அதற்கு வரும். அதிலிருந்து ஒரு வயர் ஹாஸ்டலுக்குப் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முகவரி உண்டு; எந்த முகவரி எந்த ஓட்டை வழியாகப் பேசுகிறது என்று அது கவனித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணிக்கு அதற்குள் போய்ப் பார்த்தாள். ஸ்டாக்கின் முகவரி, ஸ்டாக் இருக்கிற பக்கம் இருந்தது. சரி. மறுபடி பார்த்தாள். அதே முகவரி ஹாஸ்டல் பக்கம் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். திரும்ப ஸ்டாக் பக்கம். ஒரே ஆள் இரண்டு வாசலிலும் நிற்கிறாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டாக்குக்குள் போய், பூர்ணிமா எழுதி வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு இடத்தில் கண் நின்றது. தலைப் பெட்டி செத்தாலும், அடுத்துத் தலையாகிற பெட்டி அந்தப் பழைய தலையின் முகவரியையே வைத்துக்கொள்ள வேண்டும், ஒருபோதும் மாற்றக் கூடாது என்று ஒரு உத்தரவு. தலை மாறினது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், வார்டில் யாரும் தவிக்க வேண்டாம் என்று நல்லதற்குத்தான் போட்டிருக்கிறாள். ஸ்டாக் அப்படியேதான் செய்திருக்கிறது. இத்தனை மாசமும் கருகிப்போன பெட்டியின் முகவரியில் பேசிக்கொண்டிருந்தது. அந்த முகவரியோ பெட்டி பிறக்கும்போதே அதில் பொறித்தது, உள்ளே இருக்கிற எதை அழித்தாலும் அழியாது. இப்போது சொந்தக்காரப் பெட்டி உயிரோடு திரும்பி வந்து, ஹாஸ்டலில் உட்கார்ந்து, தன் முகவரியில் தான் பேசுகிறது. பகலில் யாரும் இல்லை என்று வார்டன் ஹாஸ்டலுக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லியிருந்தார். பெண்கள் திரும்புகிற நான்கு மணிக்கு மாரியப்பன் மெயினைப் போடுவார். பேய் வருகிற நேரம் அதுதான். முகவரி ஹாஸ்டல் பக்கம் புரளும்போதெல்லாம் லேப் அனுப்பியது அங்கே போய்த் தொலைந்தது, இந்தப் பக்கம் திரும்பும்போது வார்டுக்குப் போனது; அவள் வந்து உட்கார்ந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஹாஸ்டலுக்குப் போய் வயரைப் பிடுங்கினாள். லேப் சரியாகிவிட்டது.

"பேய் ஓடிடுச்சா மேடம்?" என்றார் மாரியப்பன்.

"பேயே இல்லண்ணே. இது பாவம், அதோட பேரத்தான் சொல்லிச்சி. நாமதான் அது பேர்ல இத்தன நாளா பேசிக்கிட்டு இருந்தோம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு ஹாஸ்டல் படியிலேயே உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தாள். அன்றைக்கு வந்திருந்த ஊமை அழைப்பு போனில் தவறிய அழைப்பாகக் கிடந்தது. இந்தத் தடவை திருப்பிக் கூப்பிட்டாள்.

"காயின் பாக்ஸ்மா. சின்னக்கண்ணு கடை. முத்தியால்பேட்ட, சொல்தா வீட்டு முனையில," என்றது ஒரு ஆண் குரல்.

"இந்த நம்பருக்கு யாருங்க போடறாங்க?"

"ஒரு ஸ்கூல் பாப்பாம்மா. டெய்லி வரும்."

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு சத்யப்பிரியா அந்த முனைக்குப் போனாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடை. மர ஸ்டாண்டில் சிவப்புப் போன். பள்ளி விட்டதும் பையோடு அபி வந்தாள். சின்னக்கண்ணு பழக்கமாக சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் ஏறிக் காசைப் போட்டு, பார்க்காமலே நம்பரை அழுத்தினாள்.

சத்யப்பிரியாவின் கையில் போன் அதிர்ந்தது. சத்தத்தை முன்னாலேயே அணைத்து வைத்திருந்தாள். கட்டைவிரல் பழக்கத்தில் பச்சைப் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை.

அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்க, அபி பேச ஆரம்பித்தாள்.

"இன்னிக்கி கணக்குல ஸ்டார் போட்டாங்கம்மா. அத்த பீன்ஸ் பொரியல் வச்சி அனுப்பிச்சி, நான் பாதிய குடுத்துட்டேன். உன் பச்சப் பொடவய அவங்க வச்சிக்கலம்மா, அவுத்து மடிச்சி வச்சிட்டாங்க. நல்லவங்கதான். ஆனா நான் பேசறதுக்குள்ள போன எடுத்துடறாங்க."

மணி நின்றது. காசு கலகலவென்று திரும்பி விழுந்தது. அபி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை சத்யப்பிரியா அந்த வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. மதிலில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் ஒரு குழந்தை அம்மாவோடு பேச வரும்போதெல்லாம் நடுவில் புகுந்து "ஹலோ, யாருங்க" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கிற சாக்கில் விஜயராகவனிடம் சொன்னாள். குழந்தையின் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவள் சொல்லக் கூடியது இல்லை.

"எனக்கு வேற நம்பர் வேணுங்க."

"என்னாத்துக்கு? எல்லார்கிட்டயும் இதான இருக்கு?"

"எல்லார்கிட்டயும் சொல்லிடலாம். பூர்ணிமா இல்ல, சத்யான்னு ஒருத்தி இருக்கான்னு."

"நம்பர்ல என்னா சத்யா இருக்கு?"

"அவங்க இருக்காங்க. அவங்க எடத்துல அவங்கள இருக்க வுடுங்க. என் எடத்துல நான் இருந்துட்டுப் போறேன்."

அவருக்குக் கோபம் வந்தது. கீழே இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே புது சிம்கார்டோடு ஒரு போனை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, கேஸ் கம்பெனிக்கு அவரே போன் போட்டார். "எங்க வீட்டு நம்பர மாத்தணும். ஏன்னா…" என்று நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நிறுத்தினார். "என் வைஃப் எறந்துட்டாங்க," என்று கடைசியில் சொன்னபோது அவருடைய குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டுக் கூடத்து நடுவில் உட்கார்ந்து அழுதார். சத்யப்பிரியா பக்கத்தில் போய் உட்காரவில்லை. உட்காரலாமா என்று தெரியவில்லை. கன்னியம்மாள்தான் தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூலுக்கு மட்டும் சத்யப்பிரியா தானே புது நம்பரை அபியின் டைரியில் எழுதிக் கொடுத்தாள்.

பழைய போன் சார்ஜரோடு பூர்ணிமா படத்துக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது. அடித்தால் யாரும் எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு. முதல் நாள் சத்யப்பிரியா வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். நான்கு மணிக்கு அடித்தபோது கன்னியம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"அது நமக்கு இல்ல அண்ணி," என்றாள் சத்யப்பிரியா.

கன்னியம்மாள் அவளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அபி வீட்டுக்கு வந்து பையை மாட்டிவிட்டு அலமாரியைப் பார்த்தது. "எடுக்க மாட்டீங்களா?" என்றது. "மாட்டோம்," என்றாள் இவள். அவ்வளவுதான் பேச்சு.

ஆயுதபூஜை அன்று ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் கிடையாது. வார்டுகளுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மத்தியானத்தில் சத்யப்பிரியா பூர்ணிமாவின் அந்த உத்தரவை எடுத்தாள். ஸ்டாக் ஒரு கணம் தடுமாறியது; கம்ப்யூட்டர்கள் எல்லாம் முகவரி தெரியாமல் தவித்தன; லேப் பெண் மாடிக்கு ஓடிவந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் புதுத் தலையின் சொந்த முகவரியைக் கண்டுபிடித்துக்கொண்டன. ஹாஸ்டல் பெட்டியை மறுபடி மாட்டினார்கள். அது தன் பாட்டுக்குத் தன் முகவரியில் வேலை செய்தது. மாரியப்பன் இரண்டு இடத்திலும் குங்குமம் வைத்தார். "சத்யா மேடம், பொரி எடுத்துக்குங்க," என்றாள் லேப் பெண்.

வீடு அத்தனை சீக்கிரம் மாறவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். சத்யப்பிரியாவுக்கு வார லீவு. அபி கூடத்தில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து படத்துக்கு கலர் அடித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் பழைய போன் அடித்தது.

கன்னியம்மாள் அடுப்படி வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். போன் போடுகிறவள் இதோ உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் இது யார்? அபிதான் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். சத்யப்பிரியாவும் போனாள். திரையில் "விஜி" என்று இருந்தது. பூர்ணிமா புருஷனை அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள்.

மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. சத்யப்பிரியாவின் புதுப் போன் ஜன்னல் ஓரம் பேசாமல் கிடந்தது. பழைய போன் அவள் கையில் இருந்த காலத்தில் தினமும் மத்தியானம் அவர் கூப்பிட்டு "சாப்டியா?" என்று கேட்பார். அதற்காகவே அவள் டிபன் டப்பாவைத் திறக்காமல் காத்திருப்பாள். அவர் அதை யாரிடம் கேட்டார்? எடுத்து "நான்தான்" என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"அப்பாவும் பேசறாரு," என்றாள் அபி, சாதாரணமாக.

சத்யப்பிரியா எடுக்கவில்லை. அடித்து முடிகிற வரை அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் விஜயராகவன் நனைந்து வந்தார். தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காபியை வைத்துவிட்டு அவள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"மத்தியானம் அந்த நம்பருக்குப் போட்டீங்களா?"

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத்தான் போட்டேன் சத்யா. உன் நம்பர் இன்னும் மனசுல நிக்க மாட்டங்குது. கை தானா அங்க போயிடுது."

உண்மையா, பொய்யா? அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். இரண்டாவது தடவையும் கை தானாகத்தான் போனதா என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது.

அபி கலர் பென்சிலை வைக்காமல், தலையைத் தூக்காமல், சத்யப்பிரியாவின் புது நம்பரை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒரே மூச்சில் சொன்னாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. டைரியில் ஒரு தடவை எழுதிக் கொடுத்ததுதான். சத்யப்பிரியாவுக்கு அது தன் நம்பர் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"திருப்பிச் சொல்லுங்கப்பா," என்றாள் அபி.

விஜயராகவன் ஆரம்பித்தார். பாதியில் குழம்பி, பழைய நம்பரின் வாலைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல, அது அம்மாது. இவங்களது வேற," என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.